அடிக்கடி கரண்ட் போனதில் பிஎஸ்4 ஹார்ட் டிஸ்க் திணறுகிறதா? எதை முதலில் செய்வது, எதைத் தொடக்கூடாது

கேள்வி இதுதான்: பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4) ஸ்லிம். கொஞ்ச காலமாக அடிக்கடி கரண்ட் போகிறது. விளையாடிக்கொண்டிருக்கும்போதே பல தடவை அணைந்துவிட்டது. ஆரம்பத்தில் "சரியாக அணைக்கப்படவில்லை" என்று சொல்லி, ஸ்டோரேஜைச் சரிபார்த்துவிட்டுத் தானாகவே எழுந்துகொண்டது. இப்போது மெனு வரவே பல நிமிடம் ஆகிறது, ஆட்டத்தின் நடுவில் அரை நிமிடம் அப்படியே உறைந்து நிற்கிறது, உள்ளேயிருந்து டிக் டிக் என்று சத்தம் வேறு. டேட்டாபேஸ் ரீபில்ட் செய்தால் சரியாகுமா, டிஸ்க்கை மாற்ற வேண்டுமா, சேவ் (ஆட்டத்தில் இதுவரை முன்னேறியதன் பதிவு) எல்லாம் போய்விடுமா?

ரீபில்டை இப்போதைக்குத் தொடாதீர்கள். எங்கே கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்வார்கள், நல்ல டிஸ்க்காக இருந்தால் அது நல்ல வைத்தியமும்கூட. ஆனால் ரீபில்ட் செய்யும்போது கன்சோல் டிஸ்க் முழுக்கத் தேடிப் படித்துப் புதிதாகப் பட்டியல் எழுதும். நீங்கள் சொல்லும் சத்தமும் உறைதலும் சேர்ந்து வந்தால் டிஸ்க்கே அடிபட்டிருக்க வாய்ப்பு அதிகம். அடிபட்ட டிஸ்க்குக்கு இவ்வளவு வேலை கொடுத்தால், இன்னும் படிக்க முடிகிற பகுதிகளும் கைவிட்டுப் போகலாம். அதனால் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் சேவ்களை வெளியே எடுப்பது, அடுத்து நோய் என்னவென்று பார்ப்பது, கடைசியாகத்தான் சரிசெய்வது.

கன்சோல் இன்னும் மெனு வரை வருகிறதென்றால் இன்றைக்கே சேவ்களை எடுத்துவிடுங்கள். எக்ஸ்ஃபேட் அல்லது ஃபேட்32 ஃபார்மட்டில் ஒரு பென் டிரைவைச் சொருகி, செட்டிங்ஸில் சேவ் டேட்டா மேலாண்மைப் பகுதிக்குப் போய், சிஸ்டம் ஸ்டோரேஜிலிருந்து யூஎஸ்பிக்கு காப்பி செய்யலாம். பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா இருந்தால் கிளவுடுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். இங்கே ஒரு விஷயத்தைக் கவனமாகச் செய்யுங்கள்: எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தேர்ந்தெடுக்காமல், உங்களுக்கு முக்கியமான ஆட்டத்தில் தொடங்கி ஒவ்வொன்றாக எடுங்கள். ஏதாவது ஒன்று பழுதான இடத்தில் மாட்டி நின்றாலும் மற்றவை அதற்குள் கைக்கு வந்திருக்கும். இதே காரணத்தால்தான் "பேக்கப் அண்ட் ரிஸ்டோர்" வழியாக முழு பேக்கப் எடுப்பதை முதல் வேலையாக நான் சொல்வதில்லை. நூற்றுக்கணக்கான ஜிபியைப் படித்துக்கொண்டு போகும்போது நடுவில் ஒரு பேட் செக்டரில் (டிஸ்க்கில் படிக்க முடியாத சிறு பகுதி) இடறினால் மொத்த பேக்கப்பும் தோல்வியில் முடியலாம். டிராஃபிகள் (ஆட்டங்களில் நீங்கள் வென்ற பதக்கங்கள்) இந்த பேக்கப்பில் சேராது. டிராஃபி பக்கத்தைத் திறந்து நெட்வொர்க்கோடு ஒருமுறை சிங்க் செய்துவிடுங்கள். ஆட்டங்களைப் பற்றிக் கவலையே வேண்டாம், அவற்றை மறுபடி இறக்கிக்கொள்ளலாம்.

இப்போது, கரண்ட் போகும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். இது தெரிந்தால் மேற்கொண்டு எடுக்கும் முடிவுகள் சுலபம்.

பிஎஸ்4-இல் இருப்பது 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க், லேப்டாப்பில் போடுவது. நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும் தட்டின்மேல், சில நானோமீட்டர் உயரத்தில், காற்றுப் படலத்தில் மிதந்தபடி ஹெட் படிக்கிறது, எழுதுகிறது. நீங்கள் ஒழுங்காக அணைத்தால் ஹெட் மெதுவாக ஓரத்துக்கு வந்து தன் சரிவுமேடையில் ஏறிக்கொள்ளும். திடீரென்று மின்சாரம் போனால் டிஸ்க்குக்கு அந்த நிதானம் கிடையாது. சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டாரின் மிச்ச வேகத்திலிருந்தே மின்சாரம் எடுத்து, ஹெட்டை அவசரமாகப் பின்னுக்கு இழுத்துவிடும். இது வடிவமைப்பிலேயே இருக்கும் பாதுகாப்புதான், ஒருமுறை நடந்ததும் டிஸ்க் செத்துவிடாது. ஆனால் சாதாரணமாக நிறுத்துவதைவிட இது முரட்டுத்தனமானது. திரும்பத் திரும்ப நடந்தால் தேய்மானம் கூடும்.

ஹெட் தப்பித்தாலும், அந்த நொடியில் எழுதிக்கொண்டிருந்த டேட்டா தப்பிக்காது. எழுத வேண்டியதில் ஒரு பகுதி டிஸ்க்கின் கேஷ் நினைவகத்தில் காத்திருந்திருக்கும். அது அப்படியே காணாமல் போகும். கோப்பு எழுதப்பட்டிருக்கும், அது எங்கே இருக்கிறது என்ற குறிப்பு எழுதப்பட்டிருக்காது; அல்லது குறிப்பு இருக்கும், கோப்பு இருக்காது. இது முதல் வகைச் சேதம்: கோப்பு அமைப்பில் ஏற்படும் குழப்பம். தட்டில் எந்தக் காயமும் இல்லை.

இரண்டாவது வகை கொஞ்சம் நுணுக்கமானது. ஒரு செக்டரைப் பாதி எழுதிய நிலையில் மின்சாரம் போனால், உள்ளே இருக்கும் டேட்டாவும் அதைச் சரிபார்க்கும் திருத்தக் குறியீடும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் நிற்கும். அடுத்த தடவை படிக்கும்போது டிஸ்க்குக்கு அது பேட் செக்டராகத்தான் தெரியும். திரும்பத் திரும்ப முயன்று பார்த்து, முடியாமல் பிழை சொல்லும். உண்மையில் அந்த இடத்தில் தட்டு நன்றாகவே இருக்கிறது. புதிதாக எதையாவது எழுதினால் செக்டர் குணமாகிவிடும். மூன்றாவது வகைதான் பயப்பட வேண்டியது: தட்டின் மேற்பரப்போ ஹெட்டோ நிஜமாகவே கெட்டுப்போனது. இதைச் சரிசெய்ய எந்த மெனுவிலும் வழி இல்லை.

வெளியே தெரியும் அறிகுறிகளை வைத்தே ஓரளவு பிரித்துப் பார்க்கலாம். கன்சோல் எழும்ப நேரமாகிறது, ஐகான்கள் காணவில்லை, காலியாக இருக்கும் இடத்தின் அளவு தப்பாகக் காட்டுகிறது, ஆனால் ஆட்டம் தொடங்கிவிட்டால் தடங்கல் இல்லை: இது பெரும்பாலும் முதல் வகை. ஒரே ஆட்டத்தில், ஒரே இடத்தில் மட்டும் உறைகிறது, மற்ற ஆட்டங்கள் ஒழுங்காக ஓடுகின்றன: அந்த ஆட்டத்தின் ஏதோ ஒரு கோப்பு படிக்க முடியாத செக்டரில் உட்கார்ந்திருக்கிறது. அது இரண்டாவது வகையாகவும் இருக்கலாம், மூன்றாவதாகவும் இருக்கலாம். எந்த ஆட்டமானாலும் உறைகிறது, மெனுவில் நகரும்போதுகூட நிற்கிறது, நிற்கும் நேரத்தில் சீரான இடைவெளியில் சத்தம் கேட்கிறது: டிஸ்க் கிட்டத்தட்ட விடைபெறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சத்தத்தைச் சரியாகக் கேட்க ஒரு வழி: ட்ரேயில் இருக்கும் ப்ளூரே டிஸ்க்கை வெளியே எடுத்துவிடுங்கள், டிவியின் ஒலியையும் அணைத்துவிடுங்கள். ஹார்ட் டிஸ்க் ஓடும்போது மெல்லிய கரகரப்பு வருவது சகஜம். அது ஒழுங்கற்று, வேலைக்குத் தகுந்தபடி கூடிக் குறையும். பிரச்சினை உள்ள டிஸ்க் அப்படியல்ல. டக், சிறு இடைவெளி, டக், அதே இடைவெளி, மறுபடி டக். திரை உறைந்திருக்கும் நேரமும் இந்தத் தாளமும் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக முடிந்தால், ஹெட் தன் இடத்தைத் தேடித் தேடித் தோற்றுக்கொண்டிருக்கிறது. அந்த நிலையில் கன்சோலை இரவு முழுக்க ஓடவிட்டுப் பார்ப்பது வேண்டாம்.

இன்னொரு தெளிவான அடையாளம் அப்டேட்டில் கிடைக்கும். பிஎஸ்4-இல் ஒரு ஆட்டத்துக்கு அப்டேட் வந்தால், இறக்கி முடித்த பிறகு "காப்பியிங்" என்று ஒரு கட்டம் ஓடும். அப்போது ஆட்டத்தின் பழைய கோப்புகளையும் சேர்த்துப் படித்து, புதிய பிரதி எழுதுகிறது. இறக்குவது சட்டென்று முடிந்து, காப்பி மட்டும் ஒரே சதவீதத்தில் மணிக்கணக்கில் நின்றால் இணையத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

"அந்த ஆட்டத்தை அழித்துவிட்டு மறுபடி போட்டேன், சரியாகிவிட்டது" என்று பலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். பொய் இல்லை. மறுபடி எழுதியபோது பாதி எழுதப்பட்ட செக்டர் குணமாகியிருக்கலாம், அல்லது டிஸ்க் அந்த இடத்தைக் கைவிட்டு உபரி இடத்துக்கு மாற்றியிருக்கலாம், அல்லது ஆட்டம் வேறு இடத்தில் போய் உட்கார்ந்து, பழுதான இடம் அடுத்து வரும் யாருக்காகவோ காத்திருக்கலாம். எது நடந்தது என்று கன்சோல் உங்களுக்குச் சொல்லாது. சிஇ-34878-0 போன்ற பிழை எண்ணும் சொல்லாது. அது ஆட்டம் முறிந்தது என்பதற்கான பொதுவான எண், ஆட்டத்திலேயே உள்ள பிழையிலும் வரும்.

உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் டிஸ்க்கை வெளியே எடுத்துக் கணினியில் பார்க்க வேண்டும். இதற்குப் பயப்படத் தேவையில்லை; பிஎஸ்4-இல் டிஸ்க்கை உரிமையாளரே மாற்றிக்கொள்ளும்படிதான் செய்திருக்கிறார்கள். கன்சோலை முழுவதும் அணைத்து, பவர் வயரைப் பிடுங்கிவிடுங்கள். ஸ்லிம்மில் பின்பக்க மூலையில் ஒரு சிறிய மூடி இருக்கும், ப்ரோவிலும் பின்பக்கம்தான், பழைய தடித்த மாடலில் மேல்பக்கத்தின் பளபளப்பான பாதியே நகர்ந்து கழன்றுவிடும். உள்ளே முக்கோணம், வட்டம், பெருக்கல், சதுரம் பொறித்த ஒரே ஒரு ஸ்குரூ. அதைக் கழற்றினால் தகரச் சட்டத்தோடு டிஸ்க் வெளியே வந்துவிடும்.

சாட்டாவிலிருந்து (டிஸ்க்கின் இணைப்பு வகை) யூஎஸ்பிக்கு மாற்றும் அடாப்டர் ஒன்று போதும், 2.5 அங்குல டிஸ்க் 5 வோல்ட்டில் ஓடுவதால் தனி பவர் தேவையில்லை. விண்டோஸில் சொருகியதும் "ஃபார்மட் செய்யவா", "இனிஷியலைஸ் செய்யவா" என்று கேட்கலாம். கேன்சல் கொடுங்கள், எத்தனை முறை கேட்டாலும் கேன்சல். பிஎஸ்4 தன் டிஸ்க்கை என்கிரிப்ட் செய்துவைக்கிறது, திறவுகோல் அந்தக் கன்சோலோடு கட்டுண்டது. கணினிக்கு உள்ளே இருப்பது வெறும் குப்பையாகத்தான் தெரியும். கோப்பு மீட்கும் மென்பொருள்கள் இங்கே பயன்படாததற்கும் இதுதான் காரணம். ஆனால் டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதிவைக்கும் ஸ்மார்ட் குறிப்புகளைத் தாராளமாகப் படிக்கலாம். விண்டோஸில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, லினக்ஸில் ஸ்மார்ட்சிடிஎல், இரண்டும் இலவசம்.

பார்க்க வேண்டியவை சில வரிகள்தான். 5-ஆம் எண், ரீஅலொகேட்டட் செக்டர்: நிரந்தரமாகக் கைவிடப்பட்ட இடங்கள். 197, கரண்ட் பெண்டிங் (இங்கே கரண்ட் என்றால் "தற்போது", மின்சாரம் அல்ல): படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருப்பவை. 198, திருத்த முடியாதவை. 199, டிஸ்க்குக்கும் கன்சோலுக்கும் நடுவே இணைப்பில் வந்த பிழைகள். இது மட்டும் ஏறியிருந்து மற்றவை பூஜ்யம் என்றால் டிஸ்க்கைவிட கனெக்டர்மேல்தான் சந்தேகப்பட வேண்டும், கழற்றி மறுபடி அழுத்திப் பொருத்தினாலே தீரலாம். உங்கள் விஷயத்தில் 192-ஐயும் பாருங்கள். அவசரமாக ஹெட்டை இழுத்த தடவைகளை எண்ணுவது அது. சில தயாரிப்புகள் சாதாரண அணைப்பையும் அதில் சேர்த்துவிடும் என்பதால் அதை வைத்து மட்டும் தீர்ப்பு எழுத வேண்டாம். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ இந்த எண்களை முதலில் பதினாறடிமான முறையில் காட்டும். அங்கே 10 என்று தெரிவது நம் கணக்கில் 16. அமைப்பில் பத்தடிமானத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். வரிகளின் அடையாள எண்களும் அங்கே பதினாறடிமானத்தில்தான் இருக்கும்: 5 என்பது 05, 192 என்பது சி0, 197 என்பது சி5, 198 என்பது சி6, 199 என்பது சி7 என்று தெரியும்.

5-ஆம் எண்ணும் 197-உம் 198-உம் பூஜ்யமாக இருந்தால் நல்ல செய்தி: டிஸ்க் உடம்பில் காயம் இல்லை, குழப்பம் கோப்பு அமைப்பில்தான். டிஸ்க்கைத் திரும்பப் போட்டு, இப்போது தைரியமாக ரீபில்ட் செய்யலாம். கன்சோல் அணைந்திருக்கும்போது பவர் பட்டனை அழுத்தியே பிடியுங்கள். முதல் பீப் வரும், ஏழு நொடி போல் கழித்து இரண்டாவது பீப் வந்ததும் கையை எடுத்தால் சேஃப் மோட் (கோளாறுகளைச் சரிசெய்வதற்கான தனி மெனு). கன்ட்ரோலரை யூஎஸ்பி வயரால் இணைக்க வேண்டும். ஐந்தாவது வரிசையில் "ரீபில்ட் டேட்டாபேஸ்" இருக்கும். ஆறும் ஏழும் எல்லாவற்றையும் அழிப்பவை. விரல் வழுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

197-இல் ஏதோ கொஞ்சம் இருக்கிறது, 5-ஆம் எண் பூஜ்யம் என்றால் அந்த இரண்டாவது வகைக்கு வாய்ப்பு உண்டு. சேவ்கள் பத்திரமாகிவிட்டன என்ற நிலையில் மட்டும், செட்டிங்ஸ் வழியாக "ஃபுல்" முறையில் இனிஷியலைஸ் (எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்குவது) செய்யுங்கள். "குவிக்" போதாது, ஃபுல் முறைதான் முழு டிஸ்க்கிலும் மேலெழுதும். பல மணிநேரம் பிடிக்கும், அந்த நேரத்தில் கரண்ட் போகாத ஏற்பாடு வேண்டும். முடிந்ததும் டிஸ்க்கை எடுத்து எண்களை மறுபடி பாருங்கள். 197 பூஜ்யமாகி, 5-ஆம் எண் ஏறாமல் இருந்தால் அது கரண்ட் செய்த வேலைதான், டிஸ்க்கைத் தொடர்ந்து பயன்படுத்தலாம். 5-ஆம் எண் ஏறிவிட்டால், அல்லது ஒரு வாரம் விளையாடிவிட்டுப் பார்க்கும்போது 197 மறுபடி முளைத்திருந்தால், பேரம் பேசாமல் டிஸ்க்கை மாற்றிவிடுங்கள். எண் சிறியதா பெரியதா என்பதைவிட, ஏறிக்கொண்டே போகிறதா என்பதுதான் எனக்கு முக்கியம்.

கன்சோல் எழும்பவே இல்லை, சேவும் எடுக்கவில்லை என்றால் இன்னும் ஒரு வாய்ப்பு இருக்கிறது. என்கிரிப்ஷன் கன்சோலோடு கட்டுண்டது என்றேன் அல்லவா, அதுவே இங்கே உதவிக்கு வருகிறது: டிஸ்க்கைச் செக்டர் செக்டராக அதே அளவுள்ள, அல்லது பெரிய, வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுத்து அதே கன்சோலில் போட்டால், அது தன்னுடைய டிஸ்க் என்றே ஏற்றுக்கொள்ளும். லினக்ஸில் இருக்கும் டிடிரெஸ்க்யூ இதற்கென்றே எழுதப்பட்டது. முதல் சுற்றில் சிக்கலான இடங்களைத் தாண்டி, நன்றாகப் படிக்க வருவதை எல்லாம் அள்ளிவிடும். பிறகு விட்டுப்போன இடங்களுக்குத் திரும்பி வரும். மேப் கோப்பு ஒன்றைக் கட்டாயம் கொடுங்கள், அப்போதுதான் நடுவில் நின்றால் விட்ட இடத்திலிருந்து தொடரும். எது மூலம், எது நகல் என்று கட்டளையை அழுத்துமுன் இரண்டு தடவை பார்த்துவிடுங்கள். மாற்றிக் கொடுத்தால் மிச்சமிருந்ததும் அழியும். ரீபில்ட் செய்வதாக இருந்தால் அதை நகலில் செய்யுங்கள். டிஸ்க்கை ஃப்ரீசரில் வைத்து எடுப்பது, தட்டிப் பார்ப்பது போன்ற யோசனைகள் உலவுகின்றன. ஈரம் உள்ளே இறங்கி இருந்த கொஞ்ச உயிரும் போகும்.

புதிதாகப் போடுவது எதுவாக இருந்தாலும் 2.5 அங்குலம், சாட்டா, 9.5 மில்லிமீட்டர் தடிமனுக்கு மிகாமல் இருக்க வேண்டும். நான் எஸ்எஸ்டியைத்தான் சொல்வேன். பிஎஸ்4 ஸ்லிம்மின் சாட்டா பழைய, வேகம் குறைந்த வகை என்றாலும் லோடிங் நேரம் நன்றாகவே குறையும், சுற்றும் தட்டும் ஹெட்டும் இல்லாததால் அவசரமாக இழுக்க ஒன்றும் இல்லை. இருந்தாலும் எஸ்எஸ்டி போட்டுவிட்டால் கரண்ட் போவதைப் பற்றிக் கவலையில்லை என்று நினைக்காதீர்கள். வீட்டு உபயோக எஸ்எஸ்டிகளில் பெரும்பாலானவற்றில், மின்சாரம் போன கணத்தில் மிச்ச வேலையை முடிக்க உதவும் கெபாசிட்டர்கள் கிடையாது. கோப்புக் குழப்பம் அப்போதும் வரும். புதிய டிஸ்க்கில் சிஸ்டம் மென்பொருளை ஏற்ற, முழு நிறுவலுக்கான பெரிய கோப்பை இறக்க வேண்டும். வெறும் அப்டேட் கோப்பை எடுத்தால் கன்சோல் ஏற்காது. ஃபோல்டர் பெயர்களை அதிகாரப்பூர்வப் பக்கத்தில் இருப்பதைப்போல, எல்லாம் பெரிய எழுத்தில், அப்படியே வையுங்கள். பிறகு சேஃப் மோடில் ஏழாவது வரி.

புதிய டிஸ்க் போட்டும் அதே கோளாறு தொடர்ந்தால் பவர் சப்ளையைச் சந்தேகியுங்கள். கரண்ட் திரும்ப வரும்போது வரும் எகிறல் டிஸ்க்கைவிட அதைத்தான் முதலில் அடிக்கும். தளர்ந்த பவர் சப்ளை கொடுக்கும் அறிகுறிகள் டிஸ்க் பழுதைப் போலவே இருக்கும். தேதியும் நேரமும் மட்டும் ஒவ்வொரு தடவையும் தப்பாகிறதென்றால் அது போர்டில் உள்ள சிறு பேட்டரி, டிஸ்க்குக்குச் சம்பந்தமில்லை.

இதைப் படிக்கும் பிஎஸ்5 காரர்களுக்கு: உள் எஸ்எஸ்டி போர்டிலேயே பற்றவைத்தது, கழற்ற முடியாது. பிஎஸ்5 ஆட்டங்களின் சேவ்களைத் தனித்தனியாக யூஎஸ்பிக்கு காப்பி செய்யவும் வழியில்லை, அப்படி அனுப்ப முடிவது கிளவுடுக்கு மட்டும்தான். அதனால் தானியங்கி அப்லோட் இயங்குகிறதா என்று இப்போதே பாருங்கள். எக்ஸ்பாக்ஸில் சேவ்கள் தாமாகவே கிளவுடுக்குப் போகின்றன, அந்த வகையில் அவர்கள் நிம்மதியாக இருக்கலாம்.

கடைசியாக, டிஸ்க்கை மாற்றினாலும் கரண்ட் போவது நிற்கப்போவதில்லை, அதற்கு ஏற்பாடு வேண்டும். சர்ஜ் புரொடெக்டர் எகிறலைத் தடுக்கும், கரண்ட் போவதை ஒன்றும் செய்யாது. தேவைப்படுவது லைன் இன்டராக்டிவ் வகை (மின்னழுத்த ஏற்ற இறக்கத்தையும் தானே சரிசெய்வது) யூபிஎஸ். பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் விஏ எண்ணைப் பார்க்காதீர்கள், வாட் எண்ணைத் தேடிப் பாருங்கள். 600 விஏ என்று இருப்பது பல மாடல்களில் 360 வாட்தான். ஸ்லிம்மின் உச்ச அளவு 165 வாட், பழைய மாடல் 250, ப்ரோ 310. டிவியையும் அதே யூபிஎஸ்ஸில் போட வேண்டும், இல்லையென்றால் திரை இல்லாமல் சேவ் செய்து அணைப்பது எப்படி? சில நிமிடம் தாங்கினால் போதும்; கரண்ட் போனதும் சேவ் செய்து முறையாக அணைப்பதற்கு மட்டுமே அந்த நேரம், ஆட்டத்தைத் தொடர அல்ல.

யூபிஎஸ் வாங்கும்வரை ரெஸ்ட் மோடைப் பயன்படுத்தாதீர்கள். ஆரஞ்சு விளக்கு எரியும்போது கன்சோல் தூங்குவதுபோலத் தெரிந்தாலும், அப்டேட்களை இறக்கிக்கொண்டும் எழுதிக்கொண்டும் இருக்கலாம். அப்போது கரண்ட் போனால் ஆட்டத்தின் நடுவே போனதற்கும் அதற்கும் வித்தியாசமில்லை. விளையாடி முடித்ததும் முழுதாக அணைத்து, விளக்கு அடங்கும்வரை காத்திருந்து, அப்புறம் சுவிட்சை அணையுங்கள். நடுவில் கரண்ட் போய்விட்டால் உடனே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். திரும்பி வந்த கரண்ட் சில நிமிடத்திலேயே மறுபடி போவது சகஜம். கன்சோல் ஸ்டோரேஜைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் இன்னொரு அடி விழுந்தால்தான் சேதம் அதிகம். கால் மணிநேரம் நிலையாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொருகுங்கள்.